முப்பத்திரண்டு கார்கள்: ஒரு புள்ளியியல் மாதிரித் தரவின் பாட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

புள்ளியியல் வகுப்புகளில் பயிற்சிக்காகக் கையாளப்படும் ‘எம்டிகார்ஸ்’ என்னும் தரவுத்தொகுதி 32 கார்களின் தொழில்நுட்ப விவரங்களைக் கொண்டது. 1974இல் ஓர் அமெரிக்க இதழில் வெளிவந்த எண்கள் ஆய்விதழ்களின் வழியே கணினி மொழி ஒன்றின் உள்ளே வந்து சேர்ந்த வரலாற்றையும், அவ்வழியில் நேர்ந்த பாடச் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வட்டவணையைக் கொண்டு வழக்கமாக எழுப்பப்படும் ஒரு வினாவுக்கு அவ்வட்டவணையால் விடை தர இயலாது என்பதும் இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தொகுதி, தொடர்புப் போக்கு, பாடத் திறனாய்வு, எரிபொருள் திறன், எம்டிகார்ஸ்

முன்னுரை

ஒரு நூலின் பாடத்தை ஆராய்பவர் அது எந்தச் சுவடியிலிருந்து வந்தது, எவர் படியெடுத்தார், எங்கே சொல் மாறியது என்று கேட்பது இயல்பு. எண்களாலான ஓர் அட்டவணையை நோக்கி அதே வினாக்களைக் கேட்கும் வழக்கம் மிகக் குறைவு. எண் தானே சான்று என்ற எண்ணம் அதற்குக் காரணமாகலாம். ஆயினும் எண்களையும் யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். யாரோ ஒருவர் படியெடுக்கிறார். யாரோ ஒருவர் நெடுவரிசைக்குப் பெயரிடுகிறார். ‘எம்டிகார்ஸ்’ அட்டவணை இதற்கு நல்லதொரு சான்று. 32 வரிசைகளும் 11 நெடுவரிசைகளும் மட்டுமே கொண்டது. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். தொடர்புப் போக்குப் பகுப்பாய்வைக் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் சந்திக்கும் தரவுகளுள் இதுவும் ஒன்று. எங்கும் காணப்படுவதாலேயே இதனை எவரும் நின்று படிப்பதில்லை.

அட்டவணையின் பொருள் எளியது. ஒவ்வொரு காரும் ஒரு கேலன் பெட்ரோலில் எத்தனை மைல் ஓடும் என்பது முதல் நெடுவரிசை. சிலிண்டர்களின் எண்ணிக்கை, கன அங்குலத்தில் எஞ்சின் கொள்ளளவு, குதிரைத்திறன், பின் அச்சின் பல்சக்கர விகிதம், ஆயிரம் பவுண்டு அலகில் எடை, நின்ற நிலையிலிருந்து கால் மைல் தொலைவைக் கடக்கும் நேரம், எஞ்சினின் அமைப்பு, கியர் தானியங்கியா கையால் மாற்றுவதா என்பது, முன்னோக்கிய கியர்களின் எண்ணிக்கை, கார்புரேட்டர்களின் எண்ணிக்கை ஆகியன ஏனைய பத்து.

இதழின் பக்கத்திலிருந்து ஆய்விதழுக்கு

எண்களின் மூலம் ‘மோட்டார் ட்ரெண்ட்’ என்னும் அமெரிக்க இதழின் 1974ஆம் ஆண்டு வெளியீடு. 1949இல் தொடங்கப்பெற்ற இவ்விதழ் கார் ஆர்வலர்களுக்கானது. அட்டவணையில் உள்ளவை 1973, 1974 ஆகிய ஆண்டுகளின் மாதிரிகள்.

அந்த ஆண்டுகளுக்கு அமெரிக்கச் சாலை வரலாற்றில் தனி இடம் உண்டு. 1973 அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை 1974இன் தொடக்கத்தில் 11 டாலரைத் தாண்டியது. நாடு முழுமைக்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பை விதிக்கும் சட்டத்தில் அதிபர் நிக்சன் 1974 ஜனவரி 2 அன்று கையொப்பமிட்டார். 1975 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் திறன் 1978 மாதிரியாண்டில் கேலனுக்கு 18 மைலாகவும் 1985இல் 27.5 மைலாகவும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது.

இப்பின்னணியில் அட்டவணையைப் படித்தால் அது பயிற்சிக் கணக்காகத் தோன்றாது. காடிலாக் ஃப்ளீட்வுட், லிங்கன் கான்டினென்டல் ஆகிய இரண்டும் கேலனுக்கு 10.4 மைல் மட்டுமே ஓடுகின்றன. நம் அளவில் லிட்டருக்கு ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர். மறுமுனையில் டொயோட்டா கொரோலா 33.9 மைல், அதாவது 14.4 கிலோமீட்டர். லிங்கனின் எடை 5,424 பவுண்டு. மிக இலேசான லோட்டஸ் யூரோப்பாவின் எடை 1,513 பவுண்டு. ஒரே சாலையில் ஓடிய இரண்டு ஊர்திகளுக்கிடையே மூன்றரை மடங்கு எடை வேறுபாடு. 32 கார்களின் சராசரி 20.1 மைல். பிற்காலச் சட்டம் கேட்ட 27.5 மைலை எட்டுபவை நான்கே: ஃபியட் 128, ஹோண்டா சிவிக், டொயோட்டா கொரோலா, லோட்டஸ் யூரோப்பா. இதழின் அளவீடும் அரசின் அளவீடும் வேறு வேறானவை. எனவே இவ்வொப்பீட்டைக் கண்டிப்பாகக் கொள்ளலாகாது. எனினும் அந்நான்கில் ஒன்றுகூட அமெரிக்கக் கார் இல்லை என்பது கவனத்திற்குரியது.

இவ்வெண்களைப் புள்ளியியலுக்குள் கொண்டுவந்தவர் ரொனால்ட் ஹாக்கிங். ‘பயோமெட்ரிக்ஸ்’ ஆய்விதழில் 1976இல் அவர் எழுதிய நெடிய கட்டுரை, நேரியல் தொடர்புப் போக்கில் எந்த மாறிகளைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்னும் சிக்கலைப் பற்றியது. பத்து மாறிகள் இருப்பின் அவற்றிலிருந்து உருவாக்கத்தக்க உட்கணங்கள் 1,024. அத்தனையையும் கணினி சலித்தெடுக்கும் முறைகளை விளக்க அவருக்கு ஒரு கையடக்கமான சான்று தேவைப்பட்டது. கார் அட்டவணை அதற்குப் பொருந்தியது. கார்களைப் பற்றி அறிவதன்று, முறைகளைக் காட்டுவதே அக்கட்டுரையின் நோக்கம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இதழின் வாசகர் வாங்கத்தக்க காரைத் தேடினார். புள்ளியியலாளர் மாறிகளைத் தேடினார். எண்களின் பயன் இங்கே முதல் முறையாக மாறுகிறது.

1981: ஒரு மறுப்பும் ஓர் அடிக்குறிப்பும்

ஐந்தாண்டுகளுக்குப் பின் அதே ஆய்விதழில் ஹெரால்ட் ஹெண்டர்சனும் பால் வெல்லெமனும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெல்லெமன், தரவைத் திறந்த கண்ணோடு துழாவிப் பார்க்க வேண்டும் என்று வாதிட்ட ஜான் டூக்கியின் மாணவர். கணினியிடம் தேர்வை ஒப்படைத்துவிட்டால் வளைவான உறவுகள், மாறிகளுக்கிடையேயான பிணைப்பு, ஒதுங்கி நிற்கும் புள்ளிகள் ஆகியன மறைந்துபோகும் என்பது அக்கட்டுரையின் வாதம். பகுப்பாய்வாளர் தரவோடு உரையாட வேண்டும். பொருள் பற்றிய தம் அறிவை அங்கே பயன்படுத்த வேண்டும். இதனைக் காட்டுவதற்காகவே ஹாக்கிங் கையாண்ட தரவுகளையே அவர்கள் மீண்டும் எடுத்துக்கொண்டனர்.

அவர்கள் செய்த முதன்மையான மாற்றம் எளிதானது, ஆனால் ஆழமானது. கேலனுக்கு எத்தனை மைல் என்பதைத் தலைகீழாக்கி, நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்று கணக்கிட்டனர். காரணத்தை அட்டவணையைக் கொண்டே காட்டலாம். மைல் கணக்கை எடையோடு மட்டும் பொருத்தினால் கிடைக்கும் நேர்கோடு, 37.285இலிருந்து ஒவ்வோர் ஆயிரம் பவுண்டுக்கும் 5.344 மைல் குறைகிறது. ஒட்டுறவுக் கெழு −0.87, பார்வைக்குச் சிறப்பான பொருத்தம். ஆனால் இக்கோட்டின்படி 1,835 பவுண்டு எடையுள்ள கொரோலா 27.5 மைல் ஓட வேண்டும், ஓடியதோ 33.9. மறுமுனையில் 5,345 பவுண்டு எடையுள்ள கிரைஸ்லர் இம்பீரியல் 8.7 மைல் ஓட வேண்டும், ஓடியதோ 14.7. இரு முனைகளிலும் கோடு தாழ்ந்து நிற்கிறது என்றால் உறவு வளைவானது என்பது பொருள். கோட்டை மேலும் நீட்டினால் 7,000 பவுண்டு எடையுள்ள ஊர்தி கேலனுக்குச் சுழியத்திற்கும் குறைவான மைல் ஓடும் என்ற வேடிக்கையான முடிவு கிடைக்கும். எடை கூடக் கூட அதை நகர்த்தச் செலவாகும் எரிபொருள் கூடுகிறது. ஆகவே எடையோடு நேராக நிற்பது செலவே ஒழிய மைல் அன்று. இவ்வறிவு கணினிக்குள் இல்லை. காரை அறிந்தவரிடம் உள்ளது.

இத்தகைய கட்டுரையில்தான் அந்த அடிக்குறிப்பும் இடம்பெற்றிருக்கிறது. முதல் அட்டவணையின் கீழ், ஹாக்கிங்கின் குறியீட்டில் உள்ள மூன்று செய்திகளை ஆசிரியர்கள் சுட்டுகின்றனர். மாஸ்டா காரின் சுழல் எஞ்சின் நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினாகக் குறிக்கப்பட்டுள்ளது. போர்ஷேயின் கிடைநிலை எஞ்சின் வி வடிவ எஞ்சினாகக் குறிக்கப்பட்டுள்ளது. டீசலில் ஓடும் மெர்சிடஸ் 240டி பெட்ரோல் கார்களோடு சேர்க்கப்பட்டுள்ளது. முந்தைய பகுப்பாய்வுகளோடு நேரடியாக ஒப்பிடுவதற்காக இவற்றை அவ்வாறே விட்டுவைத்ததாகவும், எஞ்சின் பற்றிய குறியீடுகள் முடிவைப் பெரிதும் பாதிப்பன அல்ல என்றும் அவர்கள் குறிப்பிடுகின்றனர்.

அவர்கள் கூறிய காரணம் நியாயமானதே. ஹாக்கிங்கின் முறையை மறுப்பதற்கு ஹாக்கிங்கின் எண்கள் தேவை. எண்களையும் முறையையும் ஒருசேர மாற்றினால் எதனால் விடை மாறியது என்று சொல்ல முடியாது. சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இந்நிலை புதிதன்று. ஏடெழுதியவரின் பிழையை அறிந்தும் பாடத்தில் அப்படியே நிறுத்தி, அடியில் திருத்தம் காட்டுவது பதிப்பாசிரியரின் நேர்மை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அச்சிட்ட பதிப்பில் அடிக்குறிப்பு பாடத்தோடு ஒரே பக்கத்தில் பயணம் செய்கிறது. தரவுத்தொகுதியிலோ எண்கள் மட்டும் பயணம் செய்கின்றன.

ஆர் மொழியின் வழி

1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் ஆர் மொழியை உருவாக்கினர்; அதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. விலையின்றிக் கிடைக்கும் அம்மொழியோடு சில மாதிரித் தரவுகளும் சேர்ந்தே வருகின்றன. அவற்றுள் ஒன்றாக இக்கார் அட்டவணை அமைந்தது. அன்று முதல் ஆர் நிறுவப்பட்ட கணினி ஒவ்வொன்றிலும் இந்த 32 கார்கள் உள்ளன. தமிழகக் கல்லூரியின் ஆய்வகக் கணினியும் அதற்கு விலக்கன்று.

தொகுத்தவர்கள் கடமை தவறவில்லை. உதவிப் பக்கத்தில் 1974இன் மூல இதழும் 1981இன் கட்டுரையும் குறிக்கப்பட்டுள்ளன; மேற்கண்ட அடிக்குறிப்பும் எடுத்தாளப்பட்டுள்ளது. ஆயினும் தரவை அழைக்க ஒரு சொல்லைத் தட்டினால் போதும். உதவிப் பக்கத்தைப் படிக்கத் தனியே கேட்க வேண்டும். ஒரு சொல் தட்டுபவரின் தொகை எப்போதும் பெரிது. பொருள் பற்றிய அறிவை வலியுறுத்துவதற்காக ஒரு கட்டுரை பேணிய தரவு, பொருள் அறியாமலே கணக்கிடுவதற்கான தரவாக உலகெங்கும் பரவியது இவ்வாறே.

பாடத்தில் காணும் இடர்கள்

அடிக்குறிப்பு மூன்றைச் சொல்கிறது. அட்டவணையை வரிவரியாகப் படித்தால் மேலும் சில தென்படுகின்றன.

முதலாவதாக அடிக்குறிப்பே பாடத்தோடு முழுதும் ஒத்துப்போகவில்லை. மாஸ்டாவின் எஞ்சின் நேர்வரிசையாகக் குறிக்கப்பட்டது என்பது குறிப்பு. ஆனால் இன்று ஆர் மொழியில் வழங்கும் அட்டவணையில் மாஸ்டா ஆர்எக்ஸ்4, அதன் வேகன் வடிவம் ஆகிய இரண்டிற்கும் எஞ்சின் அமைப்பு 0 என்றே உள்ளது. 0 என்பது வி வடிவத்திற்கான குறி. சிலிண்டர் எண்ணிக்கை ஆறு என்பது மட்டும் குறிப்போடு பொருந்துகிறது. போர்ஷே 914க்கும் 0. அங்கே குறிப்பும் பாடமும் ஒத்துள்ளன. ஆக, குறிப்பு எழுதப்பட்டபோது குறிப்பின் சொல்லில் பிசகு நேர்ந்திருக்க வேண்டும், அல்லது பின்னர் எண்ணில் நேர்ந்திருக்க வேண்டும். இரண்டிலும் உண்மை இல்லை என்பது வேறு செய்தி. சுழல் எஞ்சினில் சிலிண்டரே கிடையாது.

கார்புரேட்டர் நெடுவரிசை இதைவிடச் சுவையானது. மசராட்டி போராவுக்கு எட்டு, காடிலாக்குக்கு நான்கு என்று அட்டவணை கூறுகிறது. அமெரிக்கப் பெருங்கார்களில் பொதுவாக இருந்தது நான்கு உட்குழல்கள் கொண்ட ஒரே கார்புரேட்டர். மசராட்டியில் இரட்டைக் குழல் கொண்டவை நான்கு. ஆகவே எண்ணப்பட்டது குழல்களே. நெடுவரிசையின் விளக்கமோ கார்புரேட்டர்களின் எண்ணிக்கை என்கிறது. இதனை எழுத்துவழக்கு மயக்கம் என்று தள்ளிவிடலாம். ஆனால் மெர்சிடஸ் 240டிக்கு 2 என்று இருப்பதைத் தள்ளிவிட முடியாது. டீசல் எஞ்சினில் கார்புரேட்டர் என்ற உறுப்பே இல்லை. வோல்வோ 142இக்கும் 2 என்றே உள்ளது. அப்பெயரின் இறுதியெழுத்தோ எரிபொருள் உட்செலுத்தும் முறையைக் குறிப்பது. கார்புரேட்டருக்கு மாற்றாக வந்த முறை அது. இந்நெடுவரிசையை ஒரு மாறியாகக் கொண்டு கெழுக்களைக் கணக்கிட்ட பயிற்சிகள் எண்ணிறந்தன.

அடுத்தது ஒரு பெயர். நான்காம் வரிசையில் ‘ஹார்னெட் 4 டிரைவ்’ என்றொரு கார் உள்ளது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் கார் என்று படிக்கத் தோன்றும். ஏஎம்சி நிறுவனத்தின் ஹார்னெட் அவ்வகையில் செய்யப்படவில்லை. அந்நிறுவனம் நான்கு சக்கர விசையுள்ள பயணக் காரைக் கொண்டுவந்தது 1980இன் ஈகிள் மாதிரியில்தான். ‘நான்கு கதவு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தைப் படியெடுத்தவர் விரித்தெழுதியபோது ‘டிரைவ்’ ஆகியிருக்கும் என்பது என் கருத்து. ஏடுகளில் சொற்சுருக்கம் விரிந்து வேறு சொல்லாவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். இங்கும் அதே நிகழ்வு.

இறுதியாக ஒன்று, இதுவே பகுப்பாய்வை மிகுதியும் பாதிக்கக் கூடியது. மெர்சிடஸ் 240டி 62 குதிரைத்திறனும் 3,190 பவுண்டு எடையும் உடையது. மெர்சிடஸ் 230 அதனினும் சற்று இலேசானது, 3,150 பவுண்டு, குதிரைத்திறனோ 95. ஒரு குதிரைத்திறன் இழுக்க வேண்டிய சுமை முன்னதில் 51 பவுண்டு, பின்னதில் 33 பவுண்டு. கால் மைலை எது விரைந்து கடக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அட்டவணைப்படி டீசல் கார் 20.0 வினாடியிலும் பெட்ரோல் கார் 22.9 வினாடியிலும் கடக்கின்றன. 22.9 என்பது 32 கார்களிலும் மிக மெதுவான நேரம். அடுத்தடுத்த வரிசைகளில் உள்ள இவ்விரு எண்களும் இடம் மாறியிருக்கின்றன என்று கொண்டால் அனைத்தும் இயல்பாகப் பொருந்தும். இதழின் மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டே இதனை உறுதிசெய்ய வேண்டும். அதுவரை இதனை ஊகத் திருத்தமாகவே கொள்ளலாம். இவ்வரிசையை ‘ஒதுங்கி நிற்கும் புள்ளி’ என்று பாடங்கள் சுட்டுவதுண்டு. சுட்டிய பின் அதை நீக்குவதா வைத்திருப்பதா என்பதே அடுத்த வினாவாகிறது. ஏன் ஒதுங்கி நிற்கிறது என்ற வினா எழுவதில்லை.

கியர் பற்றிய வினா

வகுப்பறையில் இவ்வட்டவணையின் முன் வைக்கப்படும் வினாக்களுள் பெருவழக்கானது இது: எரிபொருளைச் சிக்கனப்படுத்துவது தானியங்கிக் கியரா, கையால் மாற்றும் கியரா? தானியங்கிக் கார்கள் 19. அவற்றின் சராசரி 17.1 மைல். கைக்கியர்க் கார்கள் 13, சராசரி 24.4 மைல். ஏழு மைலுக்கும் மிகையான வேறுபாடு. மாணவர் மகிழ்வார். பின்னர் எடையையும் சேர்த்துக் கணக்கிடச் சொன்னால் கியரின் கெழு −0.02 ஆகச் சுருங்கிவிடும். எடையோடு கால் மைல் நேரத்தையும் சேர்த்தால் அதே கெழு 2.9 ஆக மீண்டும் எழும். எது சரி என்பதில் விவாதம் தொடரும்.

அட்டவணையின் வரலாற்றை நோக்கினால் இவ்விவாதமே அடிப்படையற்றது என்பது புலப்படும். தானியங்கிக் கார்கள் எவை? அமெரிக்கக் கார்கள் பதினொன்றும், மெர்சிடஸ் கார்கள் ஏழும், டொயோட்டா கொரோனா ஒன்றும். கைக்கியர்க் கார்கள் எவை? ஏனைய ஐந்து ஜப்பானியக் கார்களும் ஏனைய எட்டு ஐரோப்பியக் கார்களும். அமெரிக்கக் காருள் ஒன்றுகூடக் கைக்கியர் உடையதன்று. ஆகவே கியர் என்று பெயரிடப்பட்ட நெடுவரிசை உண்மையில் நாட்டையும் நிறுவனத்தையும் குறிக்கிறது. நாடு என்னும் நெடுவரிசை அட்டவணையில் இல்லை; காரின் பெயரைப் படித்தால்தான் தெரியும். கணினி பெயரைப் படிப்பதில்லை.

எடையை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். 2,500 பவுண்டுக்குக் கீழ் கைக்கியர்க் கார்கள் ஏழு, தானியங்கி ஒன்று. 3,000 பவுண்டுக்கு மேல் தானியங்கிக் கார்கள் பதினெட்டு, கைக்கியர் இரண்டு. அவ்விரண்டும் ஃபோர்டு பான்டேராவும் மசராட்டி போராவும்; முறையே 264, 335 குதிரைத்திறன் கொண்ட பந்தயப் பாங்கான கார்கள். இடைப்பட்ட 2,500 முதல் 3,000 பவுண்டு வரை கைக்கியர் நான்கு, தானியங்கி ஒன்றுமில்லை. ஒரே எடையும் ஒரே தன்மையும் கொண்டு கியரில் மட்டும் வேறுபடும் இரண்டு கார்களை இவ்வட்டவணையில் காண முடியாது. ஒப்பிடத்தக்க இணை இல்லாத இடத்தில் கெழு சொல்வது காரைப் பற்றியதன்று. இரு தொகுதிகளுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தின் மீது கோடு எவ்வாறு நீட்டப்பட்டது என்பதைப் பற்றியது. 2.9 என்பதும் −0.02 என்பதும் ஒரே வெற்றிடத்தின் மீது போடப்பட்ட இரு பாலங்கள்.

தெரிவு பற்றியும் ஒரு சொல். 32இல் ஏழு மெர்சிடஸ். ஐந்தில் ஒரு பங்குக்கும் மிகை. ஃபெராரி, மசராட்டி, லோட்டஸ் உண்டு. அக்காலத்தில் அமெரிக்கத் தெருக்களில் பெருந்தொகையாக ஓடிய ஃபோர்டு பின்டோவும் செவர்லே வேகாவும் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் இல்லை. எனவே இது 1974இன் அமெரிக்கச் சாலையின் மாதிரி அன்று. ஆர்வலர் இதழொன்றில் இருந்த கார்களின் தொகுப்பு. அமெரிக்கக் கார்களின் சராசரி 15.6 மைல், ஐரோப்பியக் கார்களின் சராசரி 21.4, ஜப்பானியக் கார்களின் சராசரி 25.1 என்று நாம் பிரித்துக் கணக்கிடலாம். அக்கணக்கும் இத்தொகுப்புக்கு மட்டுமே பொருந்தும். ஆயினும் எண்ணெய்த் தட்டுப்பாட்டின் ஆண்டில் வாங்குவோர் எத்திசையில் திரும்பினர் என்பதை விளங்கிக்கொள்ள, கியரைப் பற்றிய கெழுவினும் இப்பிரிப்பு உதவும்.

அதே கார், வேறொரு அட்டவணை

கார்களைக் கொண்ட மாதிரித் தரவு இது ஒன்றே அன்று. ஆர் மொழியிலேயே ‘கார்ஸ்’ என்னும் பெயரில், 1920களில் கார்களின் வேகத்தையும் நிற்கும் தொலைவையும் அளந்த 50 பதிவுகள் உள்ளன. மார்டெக்காய் எசெக்கியேலின் 1930ஆம் ஆண்டு நூலின் வழி அவை கிடைத்தன. ராபின் லாக் 1993இல் 93 கார்களைத் தொகுத்தார். கற்பித்தலுக்காகவே திட்டமிட்டுச் செய்தமையால் அது ஒழுங்கானது. வரலாற்று நோக்கில் இவற்றைவிட ஒப்பிடத்தக்கது, அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 1983இல் நடத்திய தரவுக் காட்சிக்காக எர்னெஸ்டோ ராமோஸ், டேவிட் டோனஹோ ஆகியோர் அளித்த தொகுதி. 1970 முதல் 1982 வரையான மாதிரிகளைக் கொண்ட அதில் 406 கார்கள் இருந்தன. எரிபொருள் திறன் பதியப்படாத எட்டை நீக்கி, ராஸ் குவின்லன் 1993இல் 398 கார்களைத் தம் ஆய்வில் பயன்படுத்தினார். குதிரைத்திறன் பதியப்படாத ஆறையும் நீக்கிய 392 கார்களே பின்னாளில் ஒரு புகழ்பெற்ற பாடநூலின் வழி வகுப்பறைகளுக்கு வந்தன. 406, 398, 392 என்னும் மூன்று எண்களைக் கண்டால், கையிலுள்ளது எந்தப் படி என்பதை ஆய்வாளர் அறியலாம்.

அத்தொகுதியில் நாடு என்னும் நெடுவரிசை உண்டு. 398 கார்களுள் அமெரிக்கா 249, ஐரோப்பா 70, ஜப்பான் 79. மாதிரியாண்டும் உண்டு. எம்டிகார்ஸில் பெயர்களுக்குள் ஒளிந்திருந்த செய்தி அங்கே தனி மாறியாக வெளிப்பட்டு நிற்கிறது.

அங்கேயும் மாஸ்டா ஆர்எக்ஸ்4 வருகிறது, 1977ஆம் மாதிரியாக. அதன் எஞ்சினில் இரண்டு சுழலிகள் உண்டு. ஒவ்வொன்றும் மூன்று பக்கங்கள் உடையது. சுழலிகளின் பக்கங்களை அறைகளாக எண்ணினால் ஆறு; ஒரு சுழலிக்கு ஓர் அறை என்று கொண்டு அளந்தால் 1,308 கன செ.மீ., அதாவது 80 கன அங்குலம். நான்கு வீச்சு எஞ்சினோடு ஒப்பிடுவதற்காக இரட்டித்தால் 160. எம்டிகார்ஸில் இக்காருக்கு ஆறு சிலிண்டர், 160 கன அங்குலம். 1983ஆம் ஆண்டுத் தொகுதியில் அதே பெயருடைய காருக்கு மூன்று சிலிண்டர், 80 கன அங்குலம். குதிரைத்திறன் மட்டும் இரண்டிலும் 110. அத்தொகுதியில் மூன்று சிலிண்டர் என்று பதியப்பட்டவை மொத்தம் நான்கு கார்கள். நான்கும் மாஸ்டாவின் சுழல் எஞ்சின் கார்களே. சிலிண்டர் வாரியாகப் படம் வரையும் மாணவர்கள் இந்த நான்கு புள்ளிகளையும் மூன்று சிலிண்டர் கார்கள் என்றே வண்ணமிடுகின்றனர்.